ரெசிடென்ட்: ‘குடியுரிமை’ அல்ல, ‘உறைவு’

‘நான்-ரெசிடென்ட்’ (non-resident) என்ற வருமான வரிச் சொல்லைக் ‘குடியுரிமை இல்லாதவர்’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். குமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் கல்ஃபில் ஆள் இல்லாத தெரு அபூர்வம். அந்த வீடுகளுக்கு வரும் தமிழ்க் குறிப்புகளில் இந்தப் பிழை ஓயாமல் வருகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு குவைத்தில் நர்ஸாக இருக்கும் பெண் எப்படிக் குடியுரிமை இல்லாதவள் ஆவாள்?

மூலம் லத்தீன் ‘ரெசிடேரே’: அமர்தல், தங்குதல். ரெசிடென்ட் என்றால் தங்கியிருப்பவர், அவ்வளவுதான். நம் வருமான வரிச் சட்டமும் முதலில் நாளைத்தான் எண்ணுகிறது. நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தவர் ரெசிடென்ட். குறைந்த நாள் இருந்தோருக்கு வேறு கணக்குகள் உண்டு. அவற்றில் சிலவற்றில்தான் குடியுரிமை தலைகாட்டும்.

குடியிருப்பு, குடியுரிமை இரண்டிலும் ‘குடி’ இருப்பதால் மொழிபெயர்ப்பாளர் வழுக்கிவிட்டார். ஒன்று இருக்கும் இடம், மற்றது நாட்டோடுள்ள சட்ட உறவு.

கணவனும் மனைவியும் இரு நாட்டில் சம்பாதிக்கும்போது இந்தப் பிழை ஆபத்தாகிறது. இந்தியாவில் தம்பதியர் சேர்ந்து ரிட்டர்ன் போட வழியில்லை. அவரவர் பான், அவரவர் கணக்கு. அமெரிக்காவில் உண்டு. கணவர் அமெரிக்கக் குடிமகன், மனைவி தக்கலையில் டீச்சர் என்று வையுங்கள். அமெரிக்க வரிக்கு மனைவி நான்-ரெசிடென்ட். ஆனாலும் வருமான வரிக்காக அவரை ரெசிடென்டாகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்டுக் கூட்டு ரிட்டர்ன் போடலாம். போட்டால் தக்கலைச் சம்பளமும் நாகர்கோவில் வீட்டு வாடகையும் அமெரிக்கப் படிவத்தில் ஏறும். அந்தத் தெரிவை ஒருமுறை கைவிட்டால் அதே தம்பதி மறுபடி எடுக்க முடியாது. இதைப் போய் ‘குடியுரிமை பெற்றவராகக் கருதுதல்’ என்று தமிழில் எழுதினால், அந்த டீச்சர் என்ன நினைத்துக் கையெழுத்துப் போடுவார்?

‘வெளிநாடு வாழ் இந்தியர்’ போதாதா என்பார்கள். போதாது. அது மேடைக்கும் நலவாரியத்துக்கும் பொருந்தும், வரிக்குப் பொருந்தாது. மேலே சொன்ன டீச்சர் இந்தியாவில் வாழ்கிறார், ஆனால் அமெரிக்க வரிக்கு நான்-ரெசிடென்ட். அவரை எந்த வெளிநாட்டில் வாழ்பவர் என்பது? நம் குளச்சல் பக்கத்துக் கப்பல்காரர் ஆண்டில் பாதிக்குமேல் கடலில் இருக்கிறார். எந்த நாட்டிலும் வாழவில்லை, ஆனாலும் இங்கே நான்-ரெசிடென்ட் ஆகலாம். இந்தியரே அல்லாத நான்-ரெசிடென்டும் உண்டு. மூன்று பேரையும் விட்டுவிடும் சொல் எப்படிச் சட்டச்சொல் ஆகும்?

‘வசிக்காதவர்’ பொருளில் சரி. எழுதுபவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் ‘வசி’ வடமொழி வழி வந்தது. நம்மிடமே ‘உறை’ இருக்கிறது. ‘வானுறையும் தெய்வம்’ என்கிறது குறள். தயிர் உறைவதுதான் நினைவுக்கு வரும் என்று மறுப்பவர்கள், ‘உண்டு உறைவிடப் பள்ளி’ என்று அரசே பலகை வைத்திருப்பதைப் பார்க்கட்டும். அதைப் படித்து யாரும் குழம்பவில்லை. எனவே ரெசிடென்ட் உறைவோர், நான்-ரெசிடென்ட் உறையாதோர்.

அகராதியைக்கூடப் புரட்டாமல் ஆங்கிலத்துக்கு எதிரே தோன்றியதை வைத்துவிட்டுப் போகும் பழக்கம் வங்கிப் படிவம், விசா விண்ணப்பம் வரை பரவியிருக்கிறது. படிப்பவர் அதை நம்பிப் பணம் கட்டுகிறார் என்ற பொறுப்பு எழுதுபவருக்கு வேண்டும்.

பல ஆண்டு கல்ஃபில் இருந்துவிட்டு ஊர் திரும்புபவர், முதல் ஓரிரு ஆண்டு பெரும்பாலும் இன்னொரு வகையில் வருவார்: உறைவோர், ஆனால் வழக்கமாக உறையாதோர். அந்த நிலையில் அவர் அங்கே விட்டுவந்த டெபாசிட்டின் வட்டிக்கு, அந்த வட்டியை அங்கேயே பெற்றால், இங்கே வரி இல்லை. அவரையும் ‘குடியுரிமை’ போட்டு எழுதிப் பாருங்கள், வாக்கியமே நிற்காது.