இருநூறு மேசை ஒரே பெட்டிக்குள், காசு எங்கே?

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் இன்னுமொரு மெய்நிகர் பின்பால் பெட்டி துணி போர்த்திக் கிடக்கிறது. சீசன் தொடங்கும்போது வாங்கியது, சீசன் முடிவதற்குள் அதன் மேல் துவாய் காயப்போடுகிறார்கள். திருத்த என்னைக் கூப்பிட்டால் கேள்வியும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "பழுது ஒன்றும் இல்லை, ஏன் ஒருத்தரும் காசு போடுறாங்க இல்லை?"

பின்பால் என்பது சரிவான மேசையில் உருளும் பந்தைக் கீழே விழவிடாமல் தட்டிப் புள்ளி எடுக்கும் ஆட்டம். மெய்நிகர் என்றால் கால் வைத்த மரப்பெட்டிக்குள் படுக்கவைத்த டிவி, தலைமாட்டில் இன்னொரு திரை, உள்ளே ஒரு கணனி. பந்தும் திரையில், அதைத் தட்டும் துடுப்பான ஃபிளிப்பரும் திரையில். பக்கத்துப் பொத்தான் இரண்டும் மட்டும் நிஜம்.

விற்கிறவர் சொல்லும் முதல் வசனம், "இருநூறு மேசை இருக்கு, ஆடுறவனுக்கு அலுக்காது." மேசை என்று அவர் சொல்வது ஒவ்வொரு பின்பால் ஆட்டத்தையும். இதை நம்பித்தான் முதலாளிமார் விழுகிறார்கள். ஐயா, இருநூறு மேசை என்றால் இருநூறு வாடிக்கையாளர் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு சோடிக் கைதான் பொத்தானில் இருக்கும். அலுப்பு என்பது திரும்பத் திரும்ப ஆடுகிறவனுக்கு வருவது; நிலாவெளிக்கு மூன்று நாள் வந்து போகிறவனுக்கு ஒரு மேசையே அலுக்காது. அவனுக்கு அந்தப் பட்டியல் பாரம். இருபது பெயரைத் தள்ளிப் பார்ப்பான், ஒன்றும் தெரியாது, கடலுக்குப் போய்விடுவான். இருநூறு மேசை யாருக்குப் பெறுமதி? வீட்டில் இரண்டு நிஜ மெஷினுக்கு இடமில்லாத, பின்பால் பைத்தியம் பிடித்த ஆளுக்கு. அவர் காசு போட்டு ஆடுகிறவர் இல்லை, பெட்டியையே வாங்குகிறவர். வீட்டுச் சந்தையின் கணக்கைக் கடைக்குக் கொண்டுவருவதுதான் முதல் பிழை.

நிஜ மெஷின் ஆளைக் கூப்பிடும். 80 கிராம் இரும்புப் பந்து மரத்தில் உருளும் சத்தமும், ஃபிளிப்பரை இழுக்கும் மின்காந்தமான சொலனாய்ட் அடிக்கும் அடியும் வாசலுக்குக் கேட்கும். திரைப்பெட்டியைத் தூரத்தில் பார்த்தால் அது ஒரு டிவி. கையில் இருக்கும் போனிலேயே பின்பால் இலவசமாக இருக்கும்போது டிவிக்கு யார் காசு போடுவார்?

தொழில் தெரிந்தவர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1992இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் நிறுவனம் 'பாலி' என்ற பெயரில் விட்ட 'ஆடம்ஸ் ஃபேமிலி' என்ற நிஜ மெஷின் இருபதாயிரத்துக்கு மேல் விற்றது. அதே நிறுவனம் 1999இல் 'பின்பால் 2000' என்று நிஜப் பந்தோடு திரைப் படத்தைக் கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்துப் பார்த்தது. அந்த ஆண்டு ஒக்டோபரிலேயே பின்பால் பிரிவை மூடினார்கள். அதில் பந்தாவது நிஜம்.

கணக்கைப் போடுங்கள். பெட்டி 8 இலட்சம், ஆட்டம் 50 ரூபா என்று வைத்தால், போட்ட முதல் திரும்பி வர 16,000 ஆட்டம் வேண்டும். நம் கடற்கரைச் சீசனை 150 நாள் என்று பிடித்தால் நாளுக்கு 107 ஆட்டம். ஆட்டம் 3 நிமிடம் என்றால், ஒருத்தர் விட்டு ஒருத்தராக ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஆடவேண்டும், ஒரு நாளும் தவறாமல். 350 வாட் இழுத்தால் 12 மணித்தியாலத்துக்கு 4.2 யூனிட் கரண்ட், அது தனி. பக்கத்தில் ஒரு கரம் போர்டைப் போட்டால் இதைவிடக் கூட்டம் நிற்கும், கோபிக்காதீர்கள்.

"அசையும் சாமான் இல்லை, பழுதே வராது" என்பது விற்கிறவரின் அடுத்த வசனம். வரும்.

பெரிய வியாதி தாமதம். பொத்தானை அமத்தி 50 மில்லிசெக்கன் கழித்துத் திரை ஃபிளிப்பர் எழும்பினால், விநாடிக்கு 2 மீட்டர் ஓடும் பந்து அதற்குள் 10 சென்ரிமீட்டர் போய்விடும். ஃபிளிப்பரின் நீளமே மூன்று அங்குலம். ஆடுகிறவனுக்குக் காரணம் தெரியாது, "மெஷின் ஏமாத்துது" என்று போய்விடுவான். வாங்க முன் சோதியுங்கள்: போனை ஸ்லோ மோஷனில் 240 பிரேமுக்கு வைத்து, விரலும் திரையும் சேர்ந்து தெரியப் படம் எடுங்கள். பொத்தான் அமர்ந்ததில் இருந்து ஃபிளிப்பர் அசையும்வரை பிரேமை எண்ணுங்கள். ஒரு பிரேம் சுமார் 4 மில்லிசெக்கன். 7, 8 என்றால் சரி. 12ஐத் தாண்டினால் டிவியை கேம் மோடில் (தாமதத்தைக் குறைக்கும் டிவி அமைப்பு) போட்டு மறுபடி எண்ணுங்கள். அப்பவும் குறையாவிட்டால் திரும்பி வாருங்கள், விலை குறைத்தாலும் வேண்டாம்.

அடி உணர்வுக்கு உள்ளே சொலனாய்ட் பூட்டியிருந்தால் அதன் ஒவ்வொரு கொயிலுக்கும் (கம்பிச் சுருள்) குறுக்கே, கொயில் அணையும்போது எழும் மின் உதறலை அடக்கும் டயோட் இருக்கிறதா பாருங்கள். 1என்4007 வகை ஒன்று போதும், சில ரூபாச் சாமான். அது இல்லாமல் கட்டிய பெட்டியில் ஃபிளிப்பர் அடிக்கும்போது யூஎஸ்பி போர்ட் விழுந்து எழும்பும். ஆட்கள் கணனியை மாற்றுவார்கள், வியாதி போகாது.

அமெரிக்காவில் இருந்து இறக்கியதென்றால் பவர் சப்ளையின் லேபிளைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்று இருப்பதை நம்முடைய 230இல் குத்தினால் அன்றைக்கே புகை. கரண்ட் போய் வந்தால் கணனி எழும்பும், டிவி ஸ்டாண்ட்பையில் தூங்கும். வாசலில் கறுப்புத் திரையோடு அரைநாள் நிற்கும் பெட்டிகளின் கதை இதுதான். யூபிஎஸ் வையுங்கள். இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கும் போகலாம்.

உரிமை விசயம் விளையாட்டல்ல. இணையத்தில் இலவசமாக எடுத்த பழைய மேசைகளின் ரோம், அதாவது மெஷினின் மென்பொருள், உரிமையாளருடையது. அனுமதியில்லாமல் அதைக் காசுக்கு ஓடவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆசை என்றால், விடுதி லொபியில் காசுப்பெட்டி இல்லாமல் வையுங்கள். இருநூறில் ஆறு மேசையை விட்டு மற்றதை மெனுவில் மறையுங்கள். வெயில் விழும் இடம் வேண்டாம், கண்ணாடியில் பந்து தெரியாது. கடலைப் பார்த்த திறந்த மண்டபம் வேண்டவே வேண்டாம்: ஃபேன் உப்புக் காற்றை இழுத்து போர்டில் பச்சை பிடிக்க வைக்கும். காற்று உள்ளே வரும் ஓட்டைக்குப் பஞ்சு வடிகட்டி போட்டு, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கழுவிக் காயவையுங்கள். அமத்திய மரத்தூள் பலகையில் செய்த பெட்டி என்றால் கால் போல்ட்டைச் சுற்றி ஊதியிருக்கிறதா தடவிப் பாருங்கள்.

ஒக்டோபருக்குப் பிறகு மழை தொடங்கினால் தயவுசெய்து பொலித்தீனால் சுற்றிக் கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பருத்தித் துணி போதும், நாளுக்கு ஒரு மணித்தியாலம் அதை எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே உள்ளே காயும்.