புது டிரைவ் வாங்கும் முன் பின்சுவரைத் தட்டிப் பாருங்கள்

போன சீசன் முடிகிற நேரம் மட்டக்களப்புப் பக்கத்து ஓட்டமாவடியிலிருந்து ஒரு காக்கா போன் எடுத்தார். இங்கே முஸ்லிம்களில் அண்ணனைக் காக்கா என்போம். "தம்பி, டிரைவ் ரெண்டும் வந்திட்டு. எப்ப வந்து பூட்டுவீங்க?"

படகு 28 அடி. எண்பதுகளின் கடைசியில் கட்டியது, உள்ளே இரண்டு வி-8 இஞ்சின். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் தாழ்த்திய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்கச் சுழியோடிகளை ஏற்றிப்போகலாம் என்றுதான் அதை வாங்கியிருந்தார். காற்று எழும்ப முன் போய்த் திரும்ப வேகமான படகுதான் வேண்டும், அது சரி. ஆனால் முந்திய சொந்தக்காரர் இஞ்சினை மட்டும் பெரிதாக்கிவிட்டு, டிரைவைப் பழையபடியே விட்டிருந்தார்.

ஸ்டேர்ன் டிரைவ் பார்த்திராதவர்களுக்கு ஒரு சொல். இஞ்சின் படகுக்குள் இருக்கும், பின்னால் வெளியே மாட்டுகிற அவுட்போர்ட் இஞ்சினின் கால் மாதிரி ஒன்று வெளியே தொங்கும். இரண்டையும் சேர்க்கிற தண்டு படகின் பின்சுவரில் உள்ள ஓட்டையால் போகும். டிரான்சம் என்று நாங்கள் சொல்வது அந்தப் பின்சுவரைத்தான். 1959இல் வொல்வோ பென்டா சந்தைக்குக் கொண்டுவந்த அமைப்பு இது. இஞ்சினின் சுழற்சி கீழே திரும்பி, மறுபடி பின்னால் திரும்பித்தான் தண்ணீரைத் தள்ளுகிற விசிறிக்குப் போகிறது. அந்த இரண்டு திருப்பத்திலும் நிற்கிற கியர்ப் பல்லுகள்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. 300 குதிரைவலுவுக்குச் செய்த டிரைவில் 400 குதிரைவலுவைக் கொடுத்தால் நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது. அலையில் விசிறி ஒருதரம் வெளியே வந்து, அதே வேகத்தில் திரும்பத் தண்ணீரைக் கடிக்கிற நொடியில்தான் பல்லு உடையும்.

காக்காவின் பழைய டிரைவின் கீழ் ஆணியைக் கழற்றி, மாஜரின் டப்பாவில் ஒயிலைப் பிடித்தேன். பால்தேத்தண்ணி நிறம். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே விட்டால், மீன் செதில் மாதிரித் தகட்டுத் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. மெல்லிய சாம்பல்நிறப் பசை என்றால் வழமையான தேய்மானம், பயமில்லை. நகத்தால் எடுக்கக்கூடிய துண்டு வந்தால் அந்த டிரைவின் கதை முடிந்தது.

ஆக, மாற்றத்தான் வேண்டும். அதில் சண்டையில்லை. ஆனால் டிரைவை மாற்றுவது டயர் மாற்றுகிற மாதிரி வேலை இல்லை. மேர்க்குரூசர் கம்பனியின் சின்ன டிரைவான 'அல்பா வன்'ஐக் கழற்றிவிட்டு, கூடிய பாரம் தாங்குகிற 'பிராவோ வன்' போடுகிறவர்கள் பலர், அதையே எடுத்துக்கொள்வோம். அல்பாவில் கடல்தண்ணீர் இழுக்கிற பம்ப் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. பிராவோவில் அது இஞ்சினோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் வெந்துவிடும். விசிறித் தண்டில் அல்பாவுக்கு 15 பல்லு, பிராவோவுக்கு 19, அதனால் பழைய விசிறி பொருந்தாது. பின்சுவரில் பூட்டுகிற கட்டும் வேறு. டிரைவின் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறவர் பாதியில் நிற்பது இதனால்தான்.

பாவித்த டிரைவ் வாங்கினால் கியர் விகிதத்தை விற்கிறவரின் வாயால் கேட்காதீர்கள். கியரைப் போட்டு, மேல்தண்டைக் கையால் மூன்று சுற்றுச் சுற்றுங்கள். விசிறித் தண்டு சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் 1.5. அந்த எண்ணை வைத்துத்தான் விசிறியின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் விசிறி கணக்குப்படி முன்னே போகிற தூரம், பார்க்க வேண்டும். இஞ்சின் நிமிடத்துக்கு 4800 சுற்று ஓடினால் விசிறி 3200. பிட்ச் 21 அங்குலம் என்றால் கணக்குப்படி 55 நொட். தண்ணீரில் வழுக்குவதைக் கழித்தால் கையில் 47 அளவில் கிடைக்கும். பிட்சில் ஓர் அங்குலம் கூடினால் இஞ்சின் 150 தொடக்கம் 200 சுற்று வரை குறையும். பெரிய விசிறி போட்டால் வேகம் கூடும் என்று நினைத்து இஞ்சினைத் திணறடிக்கிறவர்கள் இங்கே நிறைய.

இனி என் பிழை ஒன்று. தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு டிரைவை இரவோடிரவாகப் பூட்டினேன். இஞ்சினும் டிரைவும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்கிற நீளக்கம்பி அப்போது என்னிடம் இல்லை, கண்மட்டத்தில் பார்த்தேன். ஒரு மாதத்தில் கல்குடாவுக்கு வெளியே இஞ்சினையும் டிரைவையும் சேர்க்கிற இணைப்பின் பல்லு முழுக்க வழித்துக்கொண்டு போய்விட்டது. இஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை. வாழைச்சேனை மீன்போட் ஒன்று கட்டி இழுத்து வந்தது. அந்தக் கம்பி இரண்டு விரலால் தள்ளினாலே இணைப்புக்குள் போக வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் போகிறது என்றால் இஞ்சினை உயர்த்து, தாழ்த்து, மறுபடி பார்.

எங்கள் வாவிக்கென்று இன்னொரு கரைச்சல். முகத்துவாரம் அடைபடும், வெட்டுப்படும். மாரியில் தண்ணீர் நன்னீருக்குக் கிட்ட வரும், வெயில் காலத்தில் உப்பேறும். தான் அரிபட்டு டிரைவைக் காப்பாற்ற ஒட்டுகிற அரிமானக் கட்டி நன்னீருக்கு மக்னீசியம், கடலுக்கு நாகம் (சிங்க்). இரண்டும் கலந்த எங்கள் தண்ணீருக்கு அலுமினியக் கட்டிதான் சரி. பாசி பிடிக்காமல் இருக்கச் செம்பு கலந்த பெயின்ட் அடிக்கிறவர்கள் அதை டிரைவில் படவிடக் கூடாது, அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். பின்சுவர் ஓட்டையால் தண்ணீர் புகாமல் தண்டைச் சுற்றி மூடுகிற றப்பர்ச் சுருளையும் வருடா வருடம் விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், கட்டிய இடத்திலேயே படகு தாழ்ந்துவிடும்.

சரி, காக்காவின் படகுக்கு வருவோம். டிரைவ்ப் பெட்டியைத் திறக்க முன் சின்னச் சுத்தியலால் பின்சுவரைத் தட்டினேன். மேலே டக், டக். ஓட்டையைச் சுற்றியும் அடியிலும் தொப், தொப். பழைய படகுகளில் இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பிளைவுட்தான் இருக்கிறது. ஓட்டையின் வெட்டு விளிம்பாலும், ஏணி பூட்டிய ஆணித் துவாரங்களாலும் வருடக்கணக்காய்த் தண்ணீர் இறங்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாய் இருக்கும். உள்பக்கத்திலிருந்து ஒரு சின்னத் துளை போட்டேன். காய்ந்த தூள் வரவேண்டிய இடத்தில் ஈரமான கறுப்புப் புட்டு மாதிரி வந்தது, மணத்தது.

மேர்க்குரூசர் டிரைவுக்குப் பின்சுவர் 51 முதல் 57 மில்லிமீற்றர் தடிப்பில், இரண்டு பக்கமும் சமாந்தரமாய் இருக்க வேண்டும். ஊறிய பலகையில் ஆணியை இறுக்க இறுக்க அது அமுங்கிக்கொண்டே போகும். புது டிரைவின் முழுத் தள்ளுவிசையும் அந்தப் புட்டின்மேல்தான். இஞ்சின் இரண்டையும் தூக்கி, உள்தோலை வெட்டி, பலகையைச் சுரண்டி எடுத்து, மரைன் பிளைவுட்டை எப்பொக்சியில் ஒட்டி, மறுபடி பைபர் போட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த நிலைக்கு வந்த படகில் ஓட்டையை அடைத்துவிட்டு அவுட்போர்டுக்கு மாறுவதையும் யோசிக்கலாம். அதற்குச் சாமான் வாழைச்சேனையிலேயே எடுக்கலாம். ஆனால் டிரைவ் வாங்கிய பிறகு இந்த யோசனையைச் சொல்லி என்ன பயன்?

காக்கா தூளை விரலில் எடுத்துப் பார்த்தார். "இதை நீங்க முன்னமே பாத்திருக்கலாமே தம்பி."

"நீங்க முன்னமே கூப்பிடல்லையே காக்கா."

பலகை வேலை இன்னும் நடக்கிறது. டிரைவ்ப் பெட்டி இரண்டும் அவர் வீட்டு விறாந்தையில், மேலே பாய் விரித்து, பேரப்பிள்ளைகள் ஏறிக் குதிக்க வசதியாய் இருக்கிறது.