அலுகோசு: சொல் விளக்கம்

"நான் வெலிக்கடையில முப்பது வருசம் இருந்தனான்" என்பார், எங்கள் வெள்ளவத்தை மாடிக்குடியிருப்பின் மூன்றாம் மாடிப் பெரியவர். வெலிக்கடை என்றால் கொழும்பின் பெரிய சிறைச்சாலை. கேட்டவரின் முகம் மாறும்வரை பொறுத்திருந்துவிட்டு, "உத்தியோகத்தில தம்பி, உத்தியோகத்தில" என்று முடிப்பார். சிறைச்சாலை அதிகாரிகளுக்குப் பென்சனோடு சேர்த்து இந்தப் பகிடியையும் கொடுத்து அனுப்புகிறார்கள் போலும். சென்னையிலிருந்து வந்திருந்த என் மைத்துனனிடம் "என்ர காலம் மறியலிலேயே போச்சு" என்றிருக்கிறார். அவனும் ஏதோ பழைய போராட்டக்காரர் என்று நினைத்து மரியாதையாகக் கும்பிட்டான். எங்களுக்கு மறியல் என்றால் சிறை. அவனுக்கு றோட்டை மறிப்பது.

அலுகோசு என்ற சொல்லை முதலில் கேட்டதும் அவரிடம்தான். தூக்குத் தண்டனையை நிறைவேற்றும் சிறைச்சாலை ஊழியருக்கு இலங்கையில் வழங்கும் பெயர் அது. எங்கள் பத்திரிகைகளும் 'அலுகோசு பதவி' என்றே எழுதும். சிங்களத்தில் அலுகோசுவா. இரண்டு மொழிக்கும் சொந்தமில்லை. போர்த்துக்கேய மொழியின் 'அல்கோஸ்' என்ற சொல் கரையேறியது. கதிரை, யன்னல், சப்பாத்து, அலுமாரி என்று வீட்டுச் சாமானுக்கெல்லாம் பேர் தந்தவர்கள், தூக்குக்காரனுக்கும் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அலுமாரியின் 'அலு'வும் இந்த 'அலு'வும் உறவா என்றால், இல்லை. அலுமாரி லத்தீன் வழி வந்தது. அலுகோசின் தலையில் இருப்பது அரபுச் சுட்டான 'அல்'. அல்-குஸ் என்பது ஒகூஸ் துருக்கியருக்கு அரபியர் வைத்த பெயர். வட ஆபிரிக்காவை ஆண்ட அல்மொகாத் அரசர்கள் அந்தக் குடியினரைக் கொலைத்தண்டனை நிறைவேற்ற வைத்துக்கொண்டார்கள் என்று போர்த்துக்கேய அகராதிகள் சொல்கின்றன. ஓர் இனத்தின் பெயர் தொழிலின் பெயராகி, கடல் தாண்டி, வெலிக்கடைச் சிறை இருக்கும் பொரளைக்கு வந்து சேர்ந்தது.

வந்த இடத்தில் வேலை இல்லை. இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூனில். நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்துக்கொண்டுதான் இருக்கின்றன, கயிறு மட்டும் அசைவதில்லை. ஆனாலும் பதவி வெற்றிடமாகும், ஆள் எடுப்பார்கள். 2014இல் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் தூக்குமேடையைக் கண்ணால் கண்டதும் பயந்து விலகிவிட்டார். 2019 பெப்ரவரியில் மறுபடி விளம்பரம் வந்தது: மாதம் 36,310 ரூபா, ஆண்கள், 18 முதல் 45 வயது, மனவலிமையும் சிறந்த ஒழுக்கமும் வேண்டும். நூறுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அமெரிக்கர் ஒருவரும் எழுதிக் கேட்டாராம். "நல்லொழுக்கம் உள்ளவன் ஏன் தம்பி உந்த வேலைக்கு வாறான்?" என்று பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

இப்படி எல்லாக் கதையும் சொல்வார். 1983 ஜூலை 25, 27ஆம் திகதிகளில் வெலிக்கடைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை மட்டும் பேசமாட்டார். நாங்களும் கேட்பதில்லை. அதற்கு அலுகோசு தேவைப்படவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நாகர்கோவில் பக்கத்தில் பழைய திருவிதாங்கூர் வழக்காக 'ஆராச்சார்' என்பார்கள். மற்ற இடத்தில் புரியாது. 'கொலைஞர்' என்றால் கொலைகாரனோடு குழம்பும். சிலப்பதிகாரத்தில் கோவலனை வெட்டியவனுக்கு இளங்கோ ஒரு பதவிப் பெயரும் கொடுக்கவில்லை, 'கல்லாக் களிமகன்' என்று விட்டுவிட்டார்: படிக்காத ஒரு குடிகாரன். ஆகவே செய்தியிலும் அரச ஆவணத்திலும் 'தூக்கிலிடுநர்' என்று எழுதலாம் என்பது என் எண்ணம். 'ஓட்டுநர்', 'நடத்துநர்' போலச் சுருக்கமாக நிற்கிறது, செய்யும் வேலையையும் மறைக்காமல் சொல்கிறது.

பெரியவரிடம் கேட்டுப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினார்.

"அப்பிடிப் பேர் போட்டால் ஒருத்தனும் விண்ணப்பிக்கமாட்டான் தம்பி. அலுகோசு எண்டால், என்னெண்டு தெரியாமலாவது நாலு பேர் வருவாங்கள்."