திறப்பு உள்ளேயா வெளியேயா: காருக்கு எப்படித் தெரிகிறது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜப்பான் ரீகண்டிஷன் கார் ஒன்று வாங்கினோம். திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவுப் பிடியைத் தொட்டால் திறக்கிறது. அது சரி. ஆனால் திறப்பை முன் சீட்டில் போட்டுவிட்டு இறங்கிப் பூட்டப் போனால், பீப் பீப் என்று கத்திக்கொண்டு பூட்ட மறுக்கிறது. அதே திறப்பை எடுத்துக் கண்ணாடிக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் பேசாமல் பூட்டுகிறது. கமெராவும் இல்லை, ஒன்றும் இல்லை. இதற்கு எப்படித் தெரியும்?"

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு இந்த மாதிரிக் கேள்விகள் அடிக்கடி வருகின்றன. இந்தக் கேள்விக்கான பதில் எனக்கு மிகவும் பிடித்த பௌதிகவியல் தந்திரங்களில் ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பூட்டு. அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன 12 வோல்ற் மோட்டர், இரண்டு மூன்று பல்சக்கரம், ஒரு தண்டு. மின்னோட்டம் ஒரு திசையில் போனால் தண்டு பூட்டும் பக்கம் நகரும். நேர், மறை முனைகளை மாற்றிக் கொடுத்தால் திறக்கும் பக்கம் வரும். சாரதி தன் கதவைப் பூட்டினால் அதே கட்டளை மற்ற மூன்றுக்கும் போகிறது. நாலு கதவும் சேர்ந்து 'களக்' என்று விழுகிற சத்தம் அதுதான். மோட்டர் பழுதானால் கிளிநொச்சியில் எந்தக் கராஜிலும் மாற்றித் தருவார்கள்.

அடுத்தது பொத்தான் வைத்த ரிமோட். 1982இல் ரெனோ ஃபுவேகோ காரோடு வந்த யோசனை. பொத்தானை அழுத்தினால் திறப்பு ஒரு குறியீட்டை வானொலி அலையில் அனுப்பும். ஜப்பானிய வாகனங்களில் 315 மெகாஹேர்ட்ஸை அண்டி, ஐரோப்பிய வாகனங்களில் பெரும்பாலும் 433.92இல். எப்போதும் ஒரே குறியீடு என்றால் பக்கத்தில் நிற்கிறவன் பதிவு செய்து வைத்துப் பிறகு ஒலிபரப்பிவிடுவான். அதனால் திறப்பிலும் காரிலும் ஒவ்வொரு எண்ணி இருக்கிறது. அழுத்தும் ஒவ்வொரு முறையும் எண் ஒன்று கூடும். இருவருக்கு மட்டும் தெரிந்த இரகசிய எண்ணைக் கொண்டு அது குழப்பப்பட்டுத்தான் வெளியே போகும். பழைய எண் திரும்ப வந்தால் கார் ஏறெடுத்தும் பார்க்காது. பையில் கிடந்து தானாக அழுத்துப்பட்டால்? கீலொக் என்ற, உலகமெல்லாம் பரவிய முறையில் திறப்பின் எண் 16 வரை முந்தியிருந்தால் கார் அப்படியே ஏற்கும். அதற்கு மேலும் முந்திவிட்டால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால்தான் ஏற்கும். குழந்தை விளையாடிய பிறகு ரிமோட் ஒரு தடவை வேலை செய்யாமல் மறு தடவை வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வாசகரின் காரில் பொத்தானே அழுத்த வேண்டாம். 1998இல் மெர்சிடிஸ் எஸ்-வகுப்புக் காரில் வந்த இந்த முறை இன்று சின்ன வாகன்ஆரிலும் இருக்கிறது. நீங்கள் கதவுப் பிடியைத் தொட்டதும் கார் முதலில் பேசுகிறது: "யார் அங்கே? இந்த எண்ணுக்கு விடை சொல்." பையிலிருக்கும் திறப்பு அந்த எண்ணை இரகசிய எண்ணால் குழப்பித் திருப்பி அனுப்புகிறது. விடை சரியென்றால் கதவு திறக்கும். நீங்கள் பிடியை இழுத்து முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, கார் கேள்வி கேட்கும் மீடிறன். அது 125 கிலோஹேர்ட்ஸ் (சில கார்களில் 134). வானொலிப் பொறியியலாளர் யாரிடமாவது, கைக்கெட்டும் தூரத்தில் பேசுவதற்கு 125 கிலோஹேர்ட்ஸ் வேண்டும் என்று சொன்னால் சிரிப்பார். ஒளியின் வேகத்தை அதால் வகுத்துப் பாருங்கள்: அலைநீளம் 2.4 கிலோமீற்றர். அவ்வளவு நீளமான அலையை ஒழுங்காக வானில் ஏவ வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான மீற்றர் உயரத்தில் கோபுரம் வேண்டும். கதவுப் பிடிக்குள் இருப்பதோ விரல் நீளச் சுருள். அதிலிருந்து அலை ஏறத்தாழ கிளம்புவதே இல்லை. சுருளைச் சுற்றி ஒரு காந்தப்புலம் மட்டும் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, அங்கேயே நிற்கிறது.

இதைத்தான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பயணம் போகிற வானொலி அலை, தூரம் இரட்டித்தால் பாதியாகக் குறையும். போகாமல் நிற்கிற இந்தக் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. ஒரு மீற்றரில் இருப்பதை ஒன்று என்று வைத்தால் இரண்டு மீற்றரில் எட்டில் ஒன்று, பத்து மீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. வாசகர் சொன்ன ஒரு சாணுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். காருக்குள் நடுவில் இருக்கும் சுருளிலிருந்து 60 சென்ரிமீற்றரில் இருந்த திறப்பை 80 சென்ரிமீற்றருக்கு நகர்த்துகிறோம். சாதாரண அலை என்றால் அதன் பலம் 75 சதவீதமாகக் குறையும். மழை, உடம்பு, இரும்பு எல்லாம் சேர்ந்து குழப்பும் இடத்தில் அந்த வித்தியாசத்தை நம்ப முடியாது. காந்தப்புலமோ 42 சதவீதத்துக்கு விழுகிறது. ஒரு சாண் நகர்ந்ததை இந்தச் சரிவு காட்டிக் கொடுத்துவிடும்.

அளப்பது யார் என்பதில் இன்னொரு அழகு. கார் அளப்பதில்லை. திறப்புத்தான் தன்னிடம் வந்து சேர்ந்த புலத்தை அளந்து, "எனக்கு இவ்வளவு பலமாகக் கேட்டது" என்று பதிலோடு சேர்த்துச் சொல்கிறது. காரில் கதவுகளில், உள்ளே நடுவில், டிக்கியில் என்று பல சுருள்கள் உண்டு. ஒவ்வொன்றாக முறை வைத்துக் கேட்கும். திறப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு சொல்லும். நடுச் சுருள் பலமாகவும் கதவுச் சுருள் மெலிவாகவும் கேட்டால் திறப்பு உள்ளே. மறுவளமாக இருந்தால் வெளியே. வாசகரின் கேள்விக்கு நேரடி விடை இதுதான்.

திறப்பு எப்படி அளக்கிறது என்பது வன்னியில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பாதி தெரிந்த விஷயம். பற்றரி உள்ளே வர விடாத அந்த நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்டோம். மத்திய அலையில் திருச்சி வானொலி தேய்ந்து போகும்போது பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்போம், குரல் தெளியும். இன்னும் திருப்பினால் மறுபடி மங்கும். பெட்டிக்குள் கறுப்புப் பெரைற்றுக் கோல் ஒன்றும் அதைச் சுற்றிச் செப்புக் கம்பியும் இருக்கும். காந்தப்புலம் கோலின் வழியே நீளவாட்டில் ஓடினால் கம்பியில் நல்ல மின்னழுத்தம் தூண்டப்படும். குறுக்காகக் கடந்தால் ஒன்றும் தூண்டப்படாது.

கார்த் திறப்புக்குள்ளும் அதே கோல், அதே கம்பி, நகத்தளவுக்குச் சுருக்கப்பட்டு. ஆனால் சட்டைப் பையில் கிடக்கிற திறப்பை யார் திருப்பி வைப்பது? ஒரு சுருள் மட்டும் இருந்தால் சில கோணங்களில் திறப்பு செவிடாகிவிடும். அதைவிட மோசம், பக்கத்தில் இருந்தும் தூரத்தில் இருப்பதாகக் கணக்குச் சொல்லும். அதனால் மூன்று சுருள்களை நீளம், அகலம், உயரம் என்று ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வைத்தார்கள். மூன்றிலும் வந்த அளவுகளை வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் புலத்தின் முழுப் பலம் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ் தேற்றமேதான், ஒரு பரிமாணம் கூட. திறப்பை எப்படிப் புரட்டினாலும் மூன்று அளவுகளும் தனித்தனியே மாறும், விடை மாறாது. இதை முதலில் வாசித்த அன்று நான் வீட்டில் கண்டவர்களை எல்லாம் பிடித்து வைத்து விளக்கினேன், ஒருவரும் ரசிக்கவில்லை.

கேள்வி தாழ்ந்த மீடிறனில் வந்தாலும் பதில் 315 அல்லது 433 மெகாஹேர்ட்ஸில்தான் போகிறது. காரில் பெரிய பற்றரி இருக்கிறது, பலமான காந்தப்புலம் உண்டாக்க முடியும். திறப்பில் இருப்பது நாணயம் அளவு சீஆர் 2032. அவ்வளவு பலம் அதற்கு இல்லை, வானொலி அலைக்குக் குறைந்த மின்சாரம் போதும். கேள்விக்காகக் காத்திருக்கும்போது சில மைக்ரோஅம்பியர் மட்டும் குடித்துக்கொண்டு தூங்குவதால்தான் அந்தச் சின்னப் பற்றரி வருடக்கணக்கில் தாங்குகிறது.

தவறும் இடங்களும் உண்டு. டாஷ்போட்டின் மேலே, தரையில் மூலையில், டாஷ்போட் அறைக்குள் திறப்பை வைத்தால் உள்ளே இருப்பதைக் கார் காணாமல் விடலாம். கூரையின் மேலே வைத்தால் உள்ளே இருப்பதாக நினைக்கலாம். தகடுகள் காந்தப்புலத்தை வளைப்பதால் வருவது. ஆகவே பிள்ளையை உள்ளே இருத்தி, "கார் எப்படியும் பூட்டாது" என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

வாசகரின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது கார் திறக்கவில்லையாம். வீட்டில் பெரியவர் ஒருவர், புதுக் காரை முறிகண்டியில் நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் கொண்டு வந்ததால்தான் என்றாராம். முறிகண்டியில் நிறுத்த நான் எதிரியில்லை, கச்சானுக்காகவே நிறுத்துவேன். ஆனால் இதற்குப் பிள்ளையாரை இழுக்க வேண்டாம். பற்றரி தேய்ந்திருக்கும், ரீகண்டிஷன் காரோடு வரும் பற்றரி எப்போது போட்டது என்று எவருக்கும் தெரியாது. அல்லது திறப்பும் கைத்தொலைபேசியும் ஒரே பையில் ஒட்டிக் கிடந்திருக்கும். தொலைபேசி, அதன் சார்ஜர், மலிவான எல்.ஈ.டி விளக்குகளின் மின்சுற்று போன்றவை 125 கிலோஹேர்ட்ஸை அண்டி இரைச்சல் எழுப்பக்கூடியவை. அதற்குள் காரின் கேள்வி அமுங்கிப்போகும். எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிடுகிற செலவில் ஒரு சீஆர் 2032 வாங்கலாம்.

பற்றரி முழுதாகச் செத்தாலும் நடு வீதியில் நிற்க மாட்டீர்கள். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், யானை வருகிற நேரமென்றால் இது தெரிந்திருப்பது நல்லது. திறப்பின் பக்கத்தில் சின்னக் கொக்கி இருக்கும். இழுத்தால் இரும்புத் திறப்பு ஒன்று வெளியே வரும், கதவுக்கு அது போதும். பிறகு பிரேக்கை மிதித்துக்கொண்டு, திறப்பை ஸ்ரார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடியுங்கள். பொத்தானைச் சுற்றியுள்ள சுருளின் காந்தப்புலம் திறப்பின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டி, ஒரு குட்டிக் கொள்ளளவியை நிரப்பி, அந்தச் சொட்டு மின்சாரத்திலேயே விடையைச் சொல்ல வைக்கும். டைனமோ றேடியோவின் மறுபாதி இது. பெடல் மட்டும் இல்லை. சில மொடல்களில் ஒட்டிப் பிடிக்கும் இடம் வேறாக இருக்கும்.

இனித் திருட்டு. 'பலமாகக் கேட்டால் பக்கத்தில் இருக்கிறது' என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நிற்கிறது. அப்படியானால் பலத்தைப் பொய்யாகக் கூட்டினால்? ஒருவன் காருக்குப் பக்கத்தில் நின்று அதன் கேள்வியைப் பிடித்து அனுப்புகிறான். மற்றவன் உங்கள் வீட்டுச் சுவரோரம் நின்று, அதையே பெரிய சுருளில் உரக்கச் சொல்கிறான். உள்ளே மேசையில் கிடக்கும் திறப்பு நேர்மையாக விடை சொல்லும், கார் நேர்மையாகத் திறக்கும். இரகசிய எண் எதையும் உடைக்கத் தேவையில்லை. சூரிச்சில் உள்ள ஈ.ரி.எச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிலோன், டானேவ், சாப்குன் ஆகிய மூவர் 2011இல் 8 நிறுவனங்களின் 10 கார்களில் இதைச் செய்து காட்டினார்கள். பத்தும் ஏமாந்தன.

பொத்தான் ரிமோட்டில் சொன்ன கீலொக்கும் தப்பவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்பதை வருடக்கணக்கில் மூடி வைத்திருந்தார்கள். வெளியே கசிந்ததும் 2007இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தாரும் இஸ்ரேலிய ஆய்வாளர்களும் கணித வழியில் உடைத்தார்கள். 2008இல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழகத்தார், சில்லு கணக்குப் போடும்போது குடிக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே இரகசிய எண்ணை எடுத்துவிட்டார்கள். இவர்கள் பெரும்பாலும் மேற்படிப்பு மாணவர்களும் அவர்களின் ஆசிரியர்களும். வேண்டியிருந்தது ஓர் அலைகாட்டி, கொஞ்சம் நேரம், ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்காத நிர்வாகம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளுக்கு மூளை குறைவில்லை. ஆனால் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். நம் வீதிகளில் ஓடும் ஆயிரக்கணக்கான கார்களின் பூட்டு எவ்வளவு பாதுகாப்பு என்று இங்கேயே சோதித்துச் சொல்ல ஓர் ஆய்வுகூடம் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

புதிய உயர்ரகக் கார்கள் சிலவற்றில் பலத்தை விட்டுவிட்டு நேரத்தை அளக்கிறார்கள். ஒரு நானோசெக்கனில் அலை 30 சென்ரிமீற்றர் போகும். கேள்வி போய் விடை வர எடுத்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். இடையில் நிற்கும் திருடனால் தாமதிக்க முடியும், ஒளியை முந்த முடியாது. வேறு சில திறப்புகள், கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் கேள்விக்கே எழும்பாத மாதிரிச் செய்யப்பட்டிருக்கின்றன.

நம்மிடம் இருக்கும் கார்களுக்கு மூடியுள்ள தகரப் பேணி போதும், திறப்பை இரவில் அதற்குள் போடுங்கள். சமையலறை அலுமினியத் தாள் 0.016 மில்லிமீற்றர் தடிப்பு. 125 கிலோஹேர்ட்ஸ் காந்தப்புலத்தை அது முழுதாகத் தடுக்காது. ஆனால் இடைவெளி இல்லாமல் சுற்றினால் மெகாஹேர்ட்ஸில் போகும் பதிலை அது நன்றாகத் தடுக்கும், அதனால் அதுவும் உதவும். பல கார்களில் தொட்டால் திறக்கும் வசதியையே அணைத்துவிட்டு, பொத்தான் ரிமோட்டாக மட்டும் பாவிக்கலாம். எப்படி அணைப்பது என்று கையேட்டில் இருக்கும். கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும் என்பதால், பக்கத்தைத் தொலைபேசிக் கமெராவில் காட்டி மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டியதுதான்.