டியூப்லெஸ் டயரிலும் காற்று இறங்கும்: புறப்படும் முன்பே செய்ய வேண்டிய ஆயத்தம்

சில மாதங்களுக்கு முன் ஒருவர், உள்ளே டியூப் இல்லாமல் டயரும் ரிம்முமே காற்றைப் பிடித்துவைக்கும் டியூப்லெஸ் சக்கரங்கள் கொண்ட தம் சைக்கிளை ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே என் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். சீட்டுக்கு அடியில் தொங்கிய பையில் புதிய டியூப், டயரை நெம்பிக் கழற்றும் இரண்டு லிவர்கள், கைப்பம்பு, ஓட்டையில் செருகி அடைக்கும் ரப்பர் பிளக்குகளின் பெட்டி என ஒன்றும் குறைவில்லை. டயரில் விழுந்த வெட்டு பிளக்குக்கு அடங்காததால் டியூப் போட முயன்றிருக்கிறார். ஆனால் டியூப்லெஸ் வால்வை ரிம்மோடு பிடித்திருக்கும் சிறிய நட்டை விரலால் அசைக்கவே முடியவில்லை. அந்த வால்வு வெளியே வராமல் டியூபின் வால்வு உள்ளே போகாது. முன்பு யாரோ அதைக் குறடு வைத்து இறுக்கியிருந்தார்கள். நான் குறட்டால் அரைச் சுற்று திருப்பியதும் நட்டு கழன்றது. அரை நிமிட வேலைக்காக அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருக்கிறார்.

பையில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்பவர்கள் பலர். சக்கரம் என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. வழியில் நின்றுபோனவர்களின் சைக்கிள்களைப் பழுது பார்க்கும்போது நான் காண்பது பெரும்பாலும் கருவிக் குறைவன்று. டயருக்குள் ஊற்றி வைக்கும் அடைப்புத் திரவமான சீலண்ட் உலர்ந்துபோனது, அடைத்துக்கொண்ட வால்வு, கையால் கழற்ற முடியாத நட்டு, ஒருமுறைகூடக் கழற்றிப் பார்க்காத டயர் ஆகியவையே மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றன. பழைய டியூப் சக்கரத்தில் அடிக்கடி பஞ்சர் ஆனதால் கை தானாகப் பழகியது. டியூப்லெஸ்ஸில் பல மாதங்கள் ஒன்றுமே நடக்காததால், நடக்கும் அன்று அது முதல் அனுபவமாக இருக்கிறது.

சீலண்டிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் மற்ற எல்லா ஏற்பாடும் அதன் மேல்தான் நிற்கிறது. பெரும்பாலான சீலண்ட்கள் ரப்பர் பாலில் நுண்துகள்கள் கலந்த திரவம். முள் குத்தியதும் காற்றோடு சேர்ந்து அந்தத் திரவம் ஓட்டையை நோக்கி ஓடுகிறது. துகள்கள் வழியை மறிக்க, ரப்பர் உறைந்து அடைப்பாகிறது. டயருக்குள் திரவமாக இருக்கும் வரையில்தான் இந்த வேலை நடக்கும். அதன் ஆயுள் ஏறத்தாழ இரண்டு முதல் ஆறு மாதம். வெப்பமும் வறண்ட காற்றும் அதை இன்னும் சுருக்கும். ஓராண்டுக்கு முன் ஊற்றிய சீலண்டை நம்பிப் பயணம் போகிறவருடைய டயருக்குள் பெரும்பாலும் இருப்பது சுவரில் ஒட்டிய மெல்லிய தோலும், உருண்டு திரண்ட சில ரப்பர் கட்டிகளும்தான்.

இதைச் சோதிக்க டயரைக் கழற்ற வேண்டியதில்லை. சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் திரவம் அலம்பும் ஓசை கேட்கும். ஐயம் இருந்தால் காற்றை இறக்கி, வால்வைச் சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் சற்றுப் பக்கவாட்டாக நிறுத்தி, வால்வுக்குள் திருகியிருக்கும் சிறு உட்பாகமான வால்வு கோரைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் கட்டு நாடா ஒன்றை உள்ளே விட்டு எடுத்தால் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பது தெரியும். 28 மி.மீ. அளவுள்ள சாலை டயருக்கு 30 முதல் 40 மி.லி., 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி., அகன்ற மலைப்பாதை டயருக்கு 90 முதல் 120 மி.லி. வரை என்பது நான் பின்பற்றும் அளவு. எடையைக் குறைக்க வேண்டுமென்று இதில் பாதியை ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய கைப்பம்புதான் எல்லோருடையதையும் விட அதிகம் உழைக்கிறது.

அதே நேரத்தில் வால்வையும் பார்த்துவிடலாம். சீலண்ட் வால்வு கோருக்குள் புகுந்து உறைந்தால் காற்று ஏறுவதும் இறங்குவதும் கடினமாகும். வீட்டில் நின்று அடிக்கும் பெரிய பம்பில் இது புலப்படாது. வழியில் சிறிய கைப்பம்பை எடுக்கும்போதுதான் தெரியும். கோர் ஒன்றின் எடை சில கிராம்தான், ஆகவே உதிரியாக ஒன்றையும் அதைத் திருகும் சிறு கருவியையும் பையில் வைத்திருங்கள். வால்வின் நட்டை விரலால் மட்டுமே இறுக்குங்கள். நட்டின் ஓரங்களில் காற்று கசிகிறதென்று அதைக் குறட்டால் இறுக்குவது தவறான மருத்துவம்; கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் வால்வின் அடியிலுள்ள ரப்பரோ, ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப்போதான்.

இனி வழியில் நடப்பது. டயரிலிருந்து சீறும் ஓசையும் வெள்ளைத் துளிகளும் தெரிந்தால் முதலில் வண்டியை நிறுத்துங்கள். ஓட்டை தரையை நோக்கி இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பினால் சீலண்ட் அந்த இடத்தில் தேங்கும். ஓட்டை பக்கச் சுவரில் இருந்தால் சைக்கிளை அந்தப் பக்கமாகச் சாய்க்க வேண்டும். காற்று குறைவதைக் கண்டு பதற வேண்டாம். 70 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் திரவத்தைத் துப்பிக்கொண்டே இருக்கும் ஓட்டை, அழுத்தம் 30 அளவுக்கு இறங்கியதும் அடைபடுவதுண்டு. சாலை டயர்களில் சீலண்ட் தோற்றதாக நினைக்கப்படும் பல சமயங்களில் உண்மையான காரணம் இந்த உயர் அழுத்தமே.

குத்திய ஆணி இன்னும் டயரிலேயே இருந்தால் அதைப் பிடுங்கும் ஆசையை அடக்குங்கள். அதுவே இப்போதைக்கு அடைப்பு. பிளக்கை ஊசிக் கருவியில் கோத்து, கையில் தயாராக வைத்துக்கொண்ட பிறகே ஆணியை எடுத்து, அதே நொடியில், அதே கோணத்தில் பிளக்கைச் செலுத்த வேண்டும். டயரில் காற்று இருக்கும்போது அது விறைப்பாக நின்று ஊசிக்கு எதிர்ப்புக் கொடுக்கும். தட்டையாகிவிட்ட டயரில் செலுத்துவது கடினம், ஊசி எதிர்ப்பக்கத்து ரிம் டேப்பைக் கிழித்துவிடும் அபாயமும் உண்டு. பிளக்கின் இரு முனைகளும் வெளியே சிறிது நீட்டியிருக்கும்படி விட்டுக் கருவியை இழுத்துவிட வேண்டும். ஆகையால் பிளக் கருவி பையின் அடியில் புதைந்திருக்கக் கூடாது. முதல் பிளக்கை ஊசியில் கோத்தபடியே எடுத்துச் செல்லும் வகை கருவிகள் இருக்கின்றன. அவற்றையே நான் பரிந்துரைக்கிறேன்.

காற்று நிரப்பக் கார்பன் டை ஆக்சைடு குப்பியைப் பலர் விரும்புகிறார்கள். 28 மி.மீ. டயருக்கு 16 கிராம் குப்பியும், மலைப்பாதை டயருக்கு 25 கிராம் குப்பியும் வேண்டும். வெளியேறும் வாயு கடுங்குளிராக இருப்பதால் சில வகைச் சீலண்ட்களை உறையச் செய்துவிடும். எனவே வால்வை மேல்பக்கம் வைத்து, கீழே தேங்கிய திரவத்தின் மேல் படாதபடி செலுத்துங்கள். இந்த வாயு ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட விரைவாகக் கசியும், ஆகவே வீடு திரும்பியதும் அதை இறக்கிக் காற்று நிரப்ப வேண்டும். குப்பி ஒருமுறைதான் உதவும் என்பதால் அதோடு கைப்பம்பும் இருப்பதே நல்லது.

பிளக்கும் தோற்றால், அல்லது டயர் ரிம்மின் இருக்கையை விட்டு முழுவதும் விலகிவிட்டால், டியூப் போடுவதுதான் வழி. விலகிய டயரைக் கைப்பம்பால் மீண்டும் பொருத்துவது அரிதாகவே நடக்கும். இந்தக் கட்டத்தில் மிக எளிதாக மறக்கப்படும் ஒன்று உண்டு. பல மாதங்களாகச் சீலண்ட் ஓசையின்றி அடைத்துவந்த முட்கள் எல்லாம் டயரிலேயே இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்தது இன்றைய பஞ்சர் ஒன்றே. டயருக்குத் தெரிந்தவை பத்தோ இருபதோ. அவற்றின் நுனிகள் உட்புறம் நீட்டியிருக்கும், டியூப் நிரம்பியதும் அதைக் குத்தும். ஆகவே உட்புறத்தைத் துணியால் துடைத்து, சுற்று முழுவதையும் மெதுவாகத் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றையும் வெளியேற்றிய பின்பே டியூபை வையுங்கள். வெறும் விரலால் வேகமாகத் தடவினால் விரல்தான் கிழியும். துணியின் இழை எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதைச் செய்யாதவர்கள் இரண்டாவது டியூபைத் தேடுவார்கள்.

டயரைக் கழற்றுவதும் மாட்டுவதும் பலத்தைவிட இடத்தைப் பொறுத்தவை. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. டயரின் விளிம்பை இரு கட்டைவிரல்களாலும் தள்ளிச் சுற்றிலும் அந்தப் பள்ளத்தில் இறக்கினால்தான் மறுபக்கத்தில் தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் மட்டும் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது என்பதால், மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வருகே முடிக்க வேண்டும். லிவர் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். உலோக லிவர் ரிம் டேப்பைக் கிழித்துவிடும். வெட்டு பெரிதாக இருந்தால் டியூப் அதன் வழியே பிதுங்கும். பழைய டயரின் சுவரிலிருந்து வெட்டியெடுத்த இரு விரல் அகலத் துண்டு ஒன்றை உள்ளே வைத்தால் வீடு சேரும் வரை தாங்கும். பையிலுள்ள டியூபையும் ஒரு பழைய காலுறைக்குள் போட்டு வையுங்கள், கருவிகளோடு உரசியே ஓட்டையான டியூப்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் வால்வு உங்கள் ரிம்மின் உயரத்துக்குப் போதுமான நீளம் உள்ளதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி போன்ற ஓரம் இல்லாத (ஹூக்லெஸ்) ரிம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அத்தகைய ரிம்மில் உச்ச அழுத்தம் 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பி.எஸ்.ஐ. தான், டியூப் போட்டுவிட்டோம் என்பதால் இந்த வரம்பு உயராது. டயரிலும் ரிம்மிலும் அச்சிட்ட இரு அளவுகளில் குறைந்ததே உங்கள் எல்லை. டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தக் கூடாது, சீலண்ட் பிரேக் தகட்டில் படவும் விடக் கூடாது.

இவற்றையெல்லாம் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே ஒருமுறை செய்துபாருங்கள்: பையில் உள்ள கருவிகளை மட்டும் கொண்டு சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு பக்கத்தைப் பிரித்து, வால்வை எடுத்து, டியூப் போட்டு, கைப்பம்பால் நிரப்புங்கள். எங்கே தடைப்படுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். அச்சைக் கழற்றும் ஆறு மி.மீ. சாவி பையில் இல்லை என்பதைச் சிலர் அன்றுதான் அறிகிறார்கள்.

பிளக்கோடு வீடு திரும்பியவர்கள் வெளியே நீட்டிய முனைகளை டயரின் மட்டத்துக்குச் சற்று மேலே நறுக்கிவிடலாம்; அந்த டயர் காற்றை இறக்காமல் ஓடினால் அப்படியே தொடரலாம். வெட்டு அகலமாக இருந்தாலோ பிளக் அசைந்தாலோ டயரைக் கழற்றி, உட்புறத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து ஒட்டு போட வேண்டும். பக்கச் சுவரில் நூலிழைகள் அறுந்து தெரியும் டயருக்கு ஒட்டு கிடையாது, புதியதுதான். செலவான சீலண்டை மீண்டும் ஊற்றி, பயன்படுத்திய பிளக்கின் இடத்தில் புதியதைக் கோத்து வைத்த பிறகே பையை மூடுங்கள்.