உங்கள் கைக்கு எத்தனை அங்குல வில்?

கோத்தகிரியில் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் பென்சிலால் கீறிய இரண்டு கோடுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே 70 அங்குலம். சுவரோடு ஒட்டி நின்று நான் இரு கைகளையும் விரிக்க, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை தையல் டேப்பால் அண்ணி அளந்து போட்ட கோடுகள் அவை. 70-ஐ 2.5-ஆல் வகுத்தால் 28. அதுதான் என் டிரா லெங்த், அதாவது நாணைத் தாடைவரை இழுத்து நிற்கும்போது என் உடம்பு கேட்கிற நீளம். நூல் பிடித்த மாதிரி சரியான கணக்கு என்று சொல்ல மாட்டேன், அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் வில் வாங்கப் போகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது இந்த டேப்பைத்தான்.

நான் அதைச் செய்யவில்லை. மலைக்காட்டுக்காரனுக்குக் குட்டை வில்தான் தோது என்று விற்றவர் சொன்னார், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. 54 அங்குல ரிகர்வ் ஒன்றை, அதாவது நுனிகள் இலக்குப் பக்கமாக வளைந்த வில்லை, வாங்கி வந்தேன். தேயிலைத் தோட்டத்து ஓரத்தில், சாக்கில் பழந்துணி அடைத்துச் செய்த இலக்கை நோக்கி எய்யத் தொடங்கினேன். முதல் 24 அங்குலம்வரை நாண் இதமாக வந்தது. 26-இல் முரண்டு பிடித்தது. 28-ஐத் தொட்டபோது சுவரில் முட்டிய மாதிரி நின்றது, மூன்று விரல்களும் நாணுக்கு இடையே நசுங்கின. என் கைக்குப் பலம் போதவில்லை என்றே பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். கோளாறு கையில் இல்லை, கோணத்தில் இருந்தது.

வில்லின் நுனியில் ஒரு வெட்டு இருக்கும், அதற்குக் குதை என்று பெயர். நாணின் கண்ணி அதில்தான் மாட்டும். நாணும் வில்லின் லிம்பும் (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி) அங்கே எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன என்று கவனியுங்கள். நாண் பூட்டி வைத்த நிலையில் அது குறுகிய கோணம். ரிகர்வில் நாண் லிம்பின் மேலேயே கொஞ்சம் படிந்துகூடக் கிடக்கும். இழுக்க இழுக்கக் கோணம் விரியும். 90 டிகிரியை நெருங்கும்போது நெம்பும் வலு உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் நாண் லிம்பை வளைப்பது குறைந்து, அதை நீளவாக்கில் பிடித்து இழுக்கத் தொடங்கும். கதவைக் குறுக்கே தள்ளினால் சுலபமாகத் திறக்கும்; கதவின் விளிம்பைப் பிடித்துக் கீலுக்கு எதிர்ப்பக்கமாக வெளியே இழுத்தால் கதவு திரும்பாது, சட்டம்தான் அதிரும். அதே சங்கதிதான் இங்கேயும். இதை வில்லாளர்கள் ஸ்டாக் என்பார்கள். சாதாரணமாக அங்குலத்துக்கு 2, 3 பவுண்டு ஏறிக்கொண்டிருந்த எடை (நாணை இழுத்து நிறுத்தக் கை தாங்குகிற பாரம்), ஸ்டாக் தொடங்கியதும் 4, 5 பவுண்டு என்று ஏறும்.

நம்ம ஊர் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறுவரை வண்டி சாதாரணமாக ஓடும். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடிக்க வேண்டியிருக்கிறது, 12 அடி போனால் 1 அடி ஏற்றம். குட்டை வில்லில் அந்தக் கல்லாறு 25 அங்குலத்திலேயே வந்துவிடும். நெட்டை வில்லில் உங்கள் கை நின்ற பிறகும் அது வராது.

வலியைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. 28 அங்குலத்தில் 45 பவுண்டு காட்டும் இரண்டு வில்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று சீராக ஏறி 45-க்கு வருகிறது. மற்றது நெடுநேரம் லேசாக இருந்துவிட்டுக் கடைசி 3 அங்குலத்தில் பாய்ந்து 45-ஐத் தொடுகிறது. கடைசியில் கை தாங்குகிற பாரம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் வில்லில் சேரும் ஆற்றல் என்பது வழிநெடுக நீங்கள் கொடுத்த விசையின் மொத்தக் கூட்டல். இரண்டாவது வில்லில் வழியெல்லாம் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே அம்புக்குக் கிடைப்பதும் குறைவுதான்.

சரி, அப்படியானால் முடிந்தவரை நீளமாக வாங்கிவிடலாமா? அதுவும் கூடாது. நாணை விட்டதும் அம்போடு சேர்ந்து லிம்புகளும் முன்னே பாய்கின்றன. லிம்ப் நீளமாக, கனமாக இருந்தால் ஆற்றலில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். அதற்குப் பதிலாக நிதானம் கிடைக்கும்: நீண்ட வில் கையில் எளிதில் திரும்பாது, விடும்போது விரல் லேசாகப் பிசகினாலும் மன்னிக்கும்.

விரல் நசுங்கிய கதைக்கு வருகிறேன். முழுதாக இழுத்த நாண் விரலிடத்தில் ஒரு கூரையைப் போல மடியும். வில் குட்டையானால் கூரை செங்குத்தாகும், மூன்று விரல் வைக்க அங்கே இடம் இருக்காது. துருக்கியர், மங்கோலியர், கொரியர் எல்லாம் அவ்வளவு குட்டை வில்லை எப்படி இழுத்தார்கள் என்றால், கட்டைவிரலால். கட்டைவிரலில் ஒரு வளையம் மாட்டி, நாணை ஒரே இடத்தில் கொக்கி போட்டு இழுக்கும் முறை அது. ஏகலைவனிடம் துரோணர் ஏன் கட்டைவிரலைக் கேட்டார் என்பது இந்த முறை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். மற்ற விரல்களால் அவன் எய்தான், ஆனால் பழைய வேகம் வரவில்லை என்கிறது கதை.

அவர்கள் வில் குட்டையாக இருந்ததற்கு இன்னொரு காரணம், எதனால் செய்தது என்பது. வளையும்போது வில்லின் வெளிமுதுகு நீள்கிறது, உள்வயிறு நசுங்குகிறது. மரம் ஏறத்தாழ 1 சதவீதம் நீண்டாலே அதன் எல்லை வந்துவிடும். விலங்கின் கொம்பும் தசைநாரும் அதைப்போலப் பல மடங்கு தாங்கும். அதனால் கொம்பை வயிற்றிலும் தசைநாரை முதுகிலும் ஒட்டிய வில்லைக் குட்டையாகவே செய்ய முடிந்தது. வெறும் மரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, வளைவை நீளத்தில் பரப்பித்தான் ஆக வேண்டும். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலோடு அடியில் கிடந்து கிடைத்த யூ மர வில்கள் பெரும்பாலும் ஆறடியைத் தாண்டியவை.

நம் மூங்கிலுக்கும் இதே விதிதான். ஒரு மூங்கிலைப் பிளந்து குறுக்குவெட்டைப் பாருங்கள்: பச்சைத் தோலை ஒட்டிய பக்கம் கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாகவும், உட்பக்கம் கலைந்தும் இருக்கும். அந்தப் புள்ளிகள்தான் நார். ஆகவே தோல்பக்கம் வில்லின் முதுகாக வர வேண்டும். ஊட்டி, கோத்தகிரிப் பனியில் மரமும் மூங்கிலும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய வில் வளைந்த வாக்கிலேயே நிற்கப் பழகிவிடும். நீளம் குறைய அந்தக் கூன் சீக்கிரம் விழும். மரவில் செய்ய நினைப்பவர் டிரா லெங்த்தை இரட்டிப்பாக்கி, வளையாத கைப்பிடிக்காக 8 அங்குலம் கூட்டுவது நல்லது. 28-க்கு 64 வரும். கண்ணாடி இழை ஒட்டிய ரிகர்வ் என்றால் 60 அல்லது 62 போதும். 26 இழுப்பவருக்கு 58. இலக்கு மட்டும் எய்பவர் 66, 68 என்று தாராளமாகப் போகலாம். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு பெரும்பாலும் 28 அங்குலத்துக்கானது. 26 மட்டும் இழுத்தால் 4, 5 பவுண்டு குறைவாகவே கிடைக்கும்.

காட்டுக்குக் குட்டை வில் என்ற பேச்சில் உண்மையே இல்லையா? இருக்கிறது. சோலைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பாசி பிடித்த கோணல் கிளைகளும் இடுப்பளவு குறிஞ்சிப் புதரும் ஆறடிக் கம்பை ஓரடி நகர்த்த விடாது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். அதில் எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை. வேட்டை அனுமதிக்கப்பட்ட அமெரிக்க மாநிலங்களில் மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்து எய்பவர்கள், கீழ் லிம்ப் பலகையில் இடிக்கக்கூடாது என்று 58, 60 அங்குலம் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அவர்களும் முதலில் கையை அளக்கிறார்கள். ஜப்பானியர் வேறு வழி கண்டார்கள்: ஏழடியைத் தாண்டிய வில்லைக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பிடித்தார்கள். மண்டியிட்டாலும் கீழ்ப்பாதி தரையில் படாது.

வில் இந்த மலைக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து முள்ளுக்குறும்பர்கள் வில்லுக்குப் பேர்போனவர்கள். வேட்டையே ஆடாத தொதவர்களிடமும் (தோடர்கள்) வில் உண்டு: கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் கணவன் மனைவிக்குச் சின்ன வில்லும் அம்பும் கொடுப்பான், பிறக்கப்போகும் பிள்ளைக்கு அவனே தகப்பன் என்று அதுதான் ஊரறியச் சொல்லும். செடிக்குச்சியில் வளைத்த வில், புல்தண்டில் அம்பு.

இப்போது என்னிடம் இருப்பது 62. அண்ணன் மகனும் எய்ய ஆசைப்படுகிறான். போன வாரம் சுவரில் அவனுக்கும் இரண்டு கோடுகள் போட்டோம், 60 அங்குலம். வகுத்தால் 24. 54 அங்குல வில் அவனுக்கு இன்று பொருந்தும்தான், ஆனால் அதன் எடை அவன் வயதுக்கு மிக அதிகம். அதனால் 20 பவுண்டில் 62 அங்குல வில் ஒன்று சொல்லியிருக்கிறேன். அம்பு கொஞ்சம் மெதுவாகப் போகும், பரவாயில்லை. பையன் இன்னும் வளர்கிறான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார் அண்ணி.