சொல் விளக்கம்: லாபி, லாபியிங், பரிந்துபேசல்

‘லாபி’ தமிழில் இரண்டு பொருளில் புழங்குகிறது. நட்சத்திர விடுதியில் அறை எடுத்தவர், “கீழே லாபியில இருங்க, வந்துடறேன்” என்பார். செய்தித்தாளோ ‘மருந்து லாபி’, ‘சர்க்கரை ஆலை லாபி’ என்று எழுதும். முதலாவது ஒரு கூடம். இரண்டாவது ஆட்கள், அதுவும் பெரும்பாலும் திரைமறைவில் காரியம் சாதிப்பவர்கள் என்ற பொருளில். அமெரிக்க மாநிலங்களின் சுற்றுலாத் துறை பற்றிய செய்திகளில் இரண்டு பொருளும் ஒன்றாக வந்து விழும். விடுதி நடத்துபவர்கள் சட்டமன்றத்துக்குப் போய்த் தங்கள் தொழிலுக்காகப் பேசுவது அங்கே பதிவேட்டில் ஏறும் வேலை. அதைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் எந்தச் சொல்லைப் போடுவது என்ற சிக்கல் எழுகிறது.

இடைக்கால லத்தீனில் ‘லோபியா’ என்றால் மடாலயத்தில் துறவிகள் உலாவும் கூரையிட்ட நடை. அந்தச் சொல் ஜெர்மானிய மொழிகளிலிருந்து போனது. இலை, தழை என்ற பொருளுள்ள சொல்லோடு உறவுடையது என்பார்கள். இன்றும் ஜெர்மன் மொழியில் ‘லௌபே’ என்றால் கொடிப்பந்தல். அதே வேர் பிரெஞ்சு வழியாக வேறு பாதையில் வந்து ஆங்கிலத்தில் ‘லாட்ஜ்’ ஆயிற்று. நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே பலகை தொங்கும் லாட்ஜும் சட்டமன்ற லாபியும் ஒரே பந்தலின் கீழ்ப் பிறந்தவை.

17-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கீழவையை ஒட்டி, பொதுமக்கள் வந்து நிற்கக்கூடிய கூடத்துக்கு இந்தப் பெயர் அமைந்தது. அங்கே காத்திருந்து உறுப்பினரைப் பார்த்துப் பேசும் வழக்கம் அமெரிக்காவுக்குப் போய், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடத்தின் பெயர் ஆட்களின் பெயராகிவிட்டது. நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியில் ‘லாபி ஏஜென்ட்’ என்ற தொழிலே உருவானது. வாஷிங்டனில் வில்லர்ட் விடுதியின் முன்கூடத்தில் குடியரசுத் தலைவர் கிராண்டைச் சூழ்ந்துகொண்டு சலுகை கேட்டவர்களால்தான் இந்தச் சொல் பிறந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. கிராண்ட் பதவியேற்றது 1869-ல். சொல் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அச்சில் வந்துவிட்டது. கதையை மறந்துவிடலாம்.

இந்திய நாடாளுமன்றத்தில் இடப்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன் அவைத்தலைவர் லாபிகளைக் காலி செய்யச் சொல்வார். ஆட்பொருளுக்கு இந்தியாவில் தனிச் சட்டமோ பதிவேடோ இல்லை. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அரசிடம் குறை சொல்லி நிவாரணம் கேட்கும் உரிமை 1791-ல் ஏற்கப்பட்ட முதல் அரசியல் சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது. ஆகவே லாபி செய்வது குற்றமில்லை. சொல்லாமல் செய்வதுதான் குற்றம். ஒவ்வொரு மாநிலமும் இதற்குச் சட்டம் வைத்திருக்கிறது.

‘அட்வகசி’ என்ற பக்கத்துச் சொல்லையும் பார்த்துவிட வேண்டும். ‘அருகே அழைத்தல்’ என்ற லத்தீன் பொருளிலிருந்து வந்தது. துணைக்கு அழைக்கப்பட்டவரே அட்வகேட். அமெரிக்க நடைமுறையில் அட்வகசி பெரிய வட்டம், லாபியிங் அதற்குள் ஒரு சிறிய வட்டம். சுற்றுலாவால் ஊருக்கு என்ன வருகிறது என்று உறுப்பினருக்கு விளக்கினால் அது அட்வகசி. ‘இந்த எண்ணுள்ள மசோதாவுக்கு ஆதரவாக வாக்களியுங்கள்’ என்று கேட்ட நொடியில் அது லாபியிங். இந்தக் கோடு வரிச் சட்டத்திலும் ஓடுகிறது. சுற்றுலா ஊக்குவிப்பு அமைப்புகளில் பெரும்பாலானவை 501(சி)(6) என்ற வணிகச் சங்கப் பிரிவில் பதிவாகியிருக்கும். அவை எவ்வளவு வேண்டுமானாலும் லாபி செய்யலாம். ஆனால் உறுப்பினர் கட்டும் சந்தாவில் லாபிக்குச் செலவான பங்கை அவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அறக்கட்டளைப் பிரிவான 501(சி)(3)-ல் பதிவானவை அளவோடுதான் செய்யலாம்; மீறினால் வரிவிலக்கே போய்விடும்.

புளோரிடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே தனிநபர் வருமான வரி கிடையாது. மாநிலக் கருவூலம் பெரிதும் விற்பனை வரியை நம்பி இருக்கிறது. ஆர்லாண்டோ அமைந்துள்ள ஆரஞ்சு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) ஒரு விடுதி அறைக்கு இரவு வாடகை 200 டாலர் என்றால், பயணி அதன்மேல் 25 டாலர் வரி கட்டுகிறார். அதில் 12 டாலர் மாநில விற்பனை வரி (6%). இன்னொரு 12 டாலர் கவுண்டியின் சுற்றுலா மேம்பாட்டு வரி (6%). பேச்சுவழக்கில் ‘பெட் டாக்ஸ்’ என்பது இதைத்தான். மீதி 1 டாலர் கவுண்டியின் அரை சதவீதக் கூடுதல் வரி. லாபி செய்யப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய முதல் காகிதம் இப்படிப்பட்டதுதான். ‘சுற்றுலா நம் மாநிலத்தின் முதுகெலும்பு’ என்ற வாசகத்தை உறுப்பினர் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். தன் தொகுதியில் எத்தனை அறைகள், எத்தனை பேருக்கு வேலை, ஓர் அறை ஓர் இரவு நிரம்பினால் கருவூலத்துக்கு எவ்வளவு என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கவுண்டி வரிக்கு அடிப்படை 1977-ஆம் ஆண்டுச் சட்டம். விளம்பரம், மாநாட்டு மையம், கடற்கரைப் பராமரிப்பு போன்றவற்றுக்கு என்று அந்தப் பணம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த வரையறையைத் தளர்த்தி வேறு செலவுக்குத் திருப்பச் சொல்லி மசோதாக்கள் வந்தபடியே இருக்கும். சுற்றுலா லாபியின் வேலையில் பாதி புதிதாகக் கேட்பதில் இல்லை, இருப்பதைக் காப்பதில் இருக்கிறது.

காலம் தவறினால் எதுவும் நடக்காது. புளோரிடா சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் 60 நாள்தான். அதற்கு முந்தைய மாதங்களில் ‘குழு வாரங்கள்’ நடக்கும். நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவில் வரவேண்டிய எண் அப்போதே எழுதப்படுகிறது. கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு வந்து நிற்பவர் எழுதி முடித்த காகிதத்தைத்தான் பார்ப்பார். முடிவிலும் ஒரு கதவு உண்டு: இறுதி வரவு செலவுத் திட்டத்தை வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்று மாநில அரசியல் சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகு மாற்றம் கேட்டுப் பயனில்லை. அவைகள் இரண்டும் ஒப்புக்கொண்டாலும் ஆளுநர் ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் தனித்தனியாக ரத்து செய்யலாம். மிச்சிகனில் 2019-ல் அதுதான் நடந்தது. ‘ப்யூர் மிச்சிகன்’ என்ற மாநிலச் சுற்றுலா விளம்பரத்துக்கு ஒதுக்கிய 3.75 கோடி டாலரை ஆளுநர் விட்மர் அடித்துவிட்டார். சட்டமன்றத்தோடு ஆளுநர் அலுவலகத்துக்கும் அதே காகிதத்தோடு போக வேண்டும் என்பது இதனால்தான்.

சந்திப்பு பத்து, பதினைந்து நிமிடம். பல நேரம் உறுப்பினர் இருக்கமாட்டார். உதவியாளரிடம் பேச வேண்டியிருக்கும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுதுபவர் அவர்தான். ஒரே ஒரு கோரிக்கை, மசோதா எண்ணோடு, ஒரு பக்கத்தில். பேச வேண்டியவர் தொகுதியிலேயே தொழில் நடத்துபவர். அரசுப் பணத்தில் இயங்கும் சுற்றுலா அலுவலகம் அதே பணத்தில் லாபி செய்வதற்குப் பல மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. ஆகவே விடுதி, உணவகச் சங்கங்கள், கேளிக்கைப் பூங்காச் சங்கம் போன்றவை முன்னே நிற்கின்றன. இந்தியர்களுக்கு இதில் நேரடிப் பங்கும் இருக்கிறது: 1989-ல் தொடங்கிய ஆசிய அமெரிக்க விடுதி உரிமையாளர் சங்கத்தில் பெரும்பகுதியினர் குஜராத்திக் குடும்பங்கள். சாலையோர மோட்டல் நடத்துபவரே தலைநகருக்குப் போய்ப் பேசுவது அங்கே வழக்கம்.

குழுக் கூட்டத்தில் பேச விரும்புபவர் ஓர் அட்டையை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பெயர், மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா தகவல் மட்டுமா, பதிவுபெற்ற லாபியிஸ்டா என்று அதில் கேட்டிருக்கும். நேரம் குறைவாக இருந்தால் ‘பேசாமலே ஆதரவு’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கொடுப்பார்கள். தலைவர் பெயரை வாசிப்பார், பதிவேட்டில் ஏறும். வெற்றி உறுதியான மசோதாவுக்கு நீளமாகப் பேசி, இல்லாத கேள்வியைக் கிளப்பிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. புளோரிடாவின் தலைநகரான டாலஹாசியில் சட்டமன்றக் கட்டடத்தின் நான்காம் மாடியில், இரண்டு அவைகளுக்கும் நடுவே ஒரு வட்டக்கூடம் இருக்கிறது. கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் லாபியிஸ்டுகள் அங்கே நின்றபடி திரையில் அவை நடவடிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூடத்தைப் பார்த்தால் சொல் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியிருக்காது.

புளோரிடாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு பிறருக்காகப் பேசினால் பதிவு கட்டாயம். லாபி நிறுவனங்கள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் வாங்கிய கட்டணத்தைத் தெரிவிக்க வேண்டும்; தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 டாலர் அபராதம். 2006 முதல், சட்டமன்ற உறுப்பினருக்கு லாபியிஸ்ட் ஒரு காப்பிகூட வாங்கிக் கொடுக்கக் கூடாது. விருந்தோம்பலே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது கடினமான விதிதான். வரவேற்பு வைத்து, வந்தவருக்கு உபசாரம் செய்த பிறகு விதியைப் படித்தால் தாமதமாகிவிடும்.

என்ன கெட்டுப்போகும் என்பதற்கு 2016–17 நல்ல பாடம். ‘விசிட் புளோரிடா’ என்ற மாநிலச் சுற்றுலா அமைப்பு, பிட்புல் என்ற ராப் பாடகரோடு 10 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு, தொகையை வணிக ரகசியம் என்று மறைத்தது. கீழவைத் தலைவர் ரிச்சர்ட் கார்க்கரன் வழக்குத் தொடுத்தார். பாடகரே ஒப்பந்தத்தை வெளியிட்டுவிட்டார். அமைப்பின் தலைமை அதிகாரி பதவி போனது. ஏறத்தாழ 7.6 கோடி டாலராக இருந்த ஆண்டு ஒதுக்கீடு 2017 கூட்டத்தொடரில் 2.5 கோடியாகச் சுருங்கியது. ஆளுநர் ரிக் ஸ்காட் ஜூனில் சிறப்புக் கூட்டம் கூட்டிய பிறகே பழைய அளவு திரும்பியது. கூடவே ஒப்பந்தங்களையும் செலவையும் வெளிப்படையாக வைக்கும் விதிகள் வந்தன. பொதுப் பணத்துக்காகப் பரிந்து பேசுகிறவர் அதன் கணக்கைக் கேட்டால் தயங்கக் கூடாது. பேச்சுத் திறமை எவ்வளவு இருந்தாலும் அந்த ஒரு தயக்கம் போதும், கவிழ்த்துவிடும்.

இன்னொரு தவறு எண்ணை ஊதிக் காட்டுவது. ‘விளம்பரம் இல்லாவிட்டாலும் இவர் வந்திருப்பாரே?’ என்பதுதான் ஒவ்வொரு உறுப்பினரும் கேட்கும் கேள்வி. வந்த பயணி அத்தனை பேரையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதினால் அங்கேயே தோற்றுப்போவோம். புளோரிடா சட்டமன்றத்துக்கே சொந்தமான பொருளாதார ஆய்வு அலுவலகம் இருக்கிறது. விசிட் புளோரிடாவுக்குச் செலவிட்ட ஒரு டாலருக்கு 3.2 டாலர் வரி திரும்பியதாக 2015-ல் அது கணித்தது. 2018 அறிக்கையில் அந்த எண் 2.2 அளவுக்கு இறங்கியது. இறங்கிய எண்ணையும் சேர்த்துச் சொல்பவரைத்தான் அடுத்த ஆண்டு மறுபடி அழைப்பார்கள்.

பேசத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு கொலராடோ. 1992-ல் வந்த மாநில அரசியல் சட்டத் திருத்தத்தால் வரிகளுக்கு வாக்காளர் ஒப்புதல் தேவைப்பட்டது. 1993-ல் சுற்றுலா வரியை நீட்டிக்க மக்கள் மறுத்தார்கள். 1.2 கோடி டாலர் விளம்பர நிதி நின்றது. இரண்டே ஆண்டில் உள்நாட்டுச் சுற்றுலாச் சந்தையில் மாநிலத்தின் பங்கு 30% சரிந்தது என்கிறது லாங்வுட்ஸ் நிறுவனத்தின் ஆய்வு. அது சுற்றுலாத் துறைக்காகச் செய்யப்பட்ட ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாநில அலுவலகம் 2000-ல்தான் மறுபடி வந்தது. வாஷிங்டன் மாநிலம் 2011-ல் அலுவலகத்தை மூடியது. தொழில்துறையினர் கூட்டணி அமைத்து ஏழாண்டு பேசிப் பேசி, 2018-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். ஈராண்டுக்கு 30 லட்சம் டாலர் வரை அரசு தரும் என்று அப்போது அமைந்தது. தனியார் அதற்கு இரு மடங்கு போட வேண்டியிருந்தது.

நிதி மட்டுமே இந்த லாபியின் பொருள் இல்லை. வர்ஜீனியாவில் 1986 முதல் பள்ளிகள் செப்டம்பர் தொடக்கத்துத் தொழிலாளர் தின விடுமுறைக்குப் பிறகே திறக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. கோடை முழுக்கக் குடும்பங்கள் வரட்டும் என்பதே நோக்கம். ஒரு கேளிக்கைப் பூங்காவின் பெயரால் மக்கள் அதை ‘கிங்ஸ் டொமினியன் சட்டம்’ என்றார்கள். 2019-ல் அது தளர்ந்தது.

இனித் தமிழ்ச் சொல். ‘ஆதரவு திரட்டல்’ அகராதிகளிலும் ஊடகத்திலும் பரவலாக இருக்கிறது. ஆனால் தேர்தலுக்கும் போராட்டத்துக்கும் அதே சொல்தான். உறுப்பினரை நேரில் பார்த்துப் பேசுவது அதில் தெரிவதில்லை. ‘பரப்புரை’ பொதுமக்களை நோக்கியது, பிரசாரத்துக்கு இணையானது. ‘தரகு’ இழிவாகிவிடும், சட்டப்படி தவறும்கூட. ‘சிபாரிசு’ பாரசீகத்திலிருந்து வந்தது. ஒரு நபருக்கு வேலையோ இடமோ கேட்பதோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு மாற்றாகப் பரவிய ‘பரிந்துரை’ இன்று குழுக்களும் மருத்துவர்களும் எழுதித் தருவதாகிவிட்டது.

ஆனால் அதன் வேரான ‘பரி’ நமக்கு உதவும். அன்பு கொள்ளுதல், ஒன்றுக்காக வருந்தி முயலுதல் இரண்டும் அதில் உண்டு. ‘அவனுக்காகப் பரிந்து பேசினார்’ என்றால் யாருக்கும் விளங்கும். அதில் கள்ளத்தனம் இல்லை. அட்வகசிக்கு ‘பரிந்துபேசல்’ என்றே எழுதலாம். லாபியிங்குக்கு, எதற்காக என்பதையும் சேர்த்து ‘மசோதாவுக்காகப் பரிந்துபேசல்’, ‘நிதி ஒதுக்கீட்டுக்காகப் பரிந்துபேசல்’ எனலாம். லாபியிஸ்ட் ‘பதிவுபெற்ற பரிந்துபேசுநர்’. ‘லாபி’ என்ற குழுப்பொருளுக்கு ‘சுற்றுலாத் துறை அழுத்தக்குழு’ பொருந்தும். விமர்சனத் தொனி வேண்டும் இடத்தில் மட்டும் அதைப் போடலாம். இடத்துக்கு விடுதியானால் ‘முன்கூடம்’, சட்டமன்றமானால் ‘அவைமுன்கூடம்’. சட்டப் பிரிவை மொழிபெயர்க்கும்போது முதல் இடத்தில் ‘பரிந்துபேசல் எனப்படும் லாபியிங்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லையே தொடரலாம்.